கேப்டனுக்குப் போட்ட மாலை

பதினொரு விநாடி. ஒருவர் தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்ள ஆகும் நேரம். அதைத்தான் வெட்டி எறிந்திருந்தார்கள். வெட்டியதோடு நில்லாமல், "தேவையில்லாத மௌனம் நீக்கப்பட்டது" என்று எனக்கு மெயில் வேறு. ஸ்டாஃப் ரூமில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான், அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மேசையில் வீசிய வேகத்தில் மூடி எகிறிப் போய் எதிரே இருந்த தமிழ் ஐயாவின் டீயில் விழுந்தது. அவர் மூடியை எடுத்துத் துடைத்து என் பக்கம் வைத்தார். என் கோபம் எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் பழகிவிட்ட ஒன்று.

என் கோபம் எப்போதுமே நியாயமானதுதான் என்று கணவரிடம் சொல்வேன். அவரும் தலையாட்டிவிட்டுப் பேப்பருக்குள் போய்விடுவார். ஆனால் இது வேறு. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள்.

நான் மன்னார்புரம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வீடு திருவானைக்காவலில். ஆறு வருடம் ஓர் ஒலி நாடகம் எழுதினேன். சென்னையில் ஒரு கம்பெனி நடத்தும் ஆப்பில் வாரம் ஒரு பகுதி வரும். கதை நடப்பது விண்வெளியில். சனி கிரகத்தின் வளையத்தில் ஐஸ் வெட்டி, தண்ணீர் இல்லாத செவ்வாயில் கொண்டுபோய் இறக்கும் ஒரு கிழட்டுக் கப்பல். அதற்கு ஒரு கேப்டன். "டீச்சரோட தண்ணி லாரி எப்ப வருது?" என்று பிள்ளைகள் கிண்டல் செய்யும். செய்யட்டும். கோடை முழுக்கக் காவிரிப் பாலத்தின் மேலே பஸ்ஸில் போய்க்கொண்டு, கீழே வெறும் மணலைப் பார்க்கிறவளுக்கு வேறென்ன கதை வரும்? கம்பெனிக்காரர்கள் ஆப்பில் அவரைப் "பிரபஞ்சப் போராளி" என்று போட்டார்கள். ஆறு வருடத்தில் அந்த மனிதர் ஒரு துப்பாக்கியைத் தொட்டதில்லை. அதற்கும் ஒரு சண்டை போட்டேன், ஜெயிக்கவில்லை.

அந்தக் கேப்டனுக்குக் குரல் கொடுத்தது ஒரு பெண். எனக்கு அடுத்த தெரு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரது கணவர் துவாக்குடி பக்கம் கொதிகலனுக்குக் குழாய் வளைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் வேலை நேரத்திலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அக்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அவர் வேலையை இவருக்குக் கொடுத்தார்கள். என்ன வேலை? மேலே கிரேன் ஓடும், கீழே நின்று அதன் ஆபரேட்டருக்குக் கத்த வேண்டும். தூக்கு. இறக்கு. நிறுத்து. இரும்பு இடிக்கிற சத்தத்துக்கு மேலே இருபத்தெட்டு வருடம் கத்தினால் தொண்டை என்னவாகும்? கனத்து, கரகரத்து, கேட்கிறவன் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

அந்தக் குரலை நான் முதலில் கேட்டது பஸ் ஸ்டாப்பில். நான் கேப்டனுக்காகப் பேசி வைத்திருந்த ஆண் குரல்காரர் மூன்றாவது முறையாக "இன்னிக்கு முடியல மேடம்" என்று சொல்லியிருந்த காலை. கொதித்துப்போய் நின்றுகொண்டிருந்தேன். டவுன் பஸ் எங்களைப் பார்த்தும் நிற்காமல் நகர்ந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு சத்தம்: "நிறுத்துய்யா வண்டியை!" பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த ஆட்டோ நின்றது. எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஒருவரும் என்ன தப்புச் செய்தோமோ என்று காலை ஊன்றி நின்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆம்பளைக் கேப்டனுக்கு நானா? போங்க டீச்சர், சிரிக்கப் போறாங்க" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆப்பில் யார் பெயரையும் போடுவதில்லை என்பதால் ஒருவருக்கும் தெரியவும் இல்லை. "கேப்டன் சார், நீங்க எந்த ஊரு?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அக்கா அதையெல்லாம் என் போனில் படித்துவிட்டு, "சாரு திருவானைக்காவல்னு போடுங்க" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் ஒரு தம்பியின் ஸ்டுடியோவில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரெக்கார்டிங். சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்திருக்கும், ஃபேன் போடக்கூடாது. வீதியில் பெருமாள் புறப்பாட்டு மேளம் வந்தால் அது கடந்து போகும்வரை கேப்டன் விண்வெளியில் அப்படியே காத்திருக்க வேண்டும். கப்பலின் கம்ப்யூட்டருக்கு நான் குரல் கொடுத்தேன். எதற்கும் கோபப்படாத இயந்திரத்துக்கு என் குரல். இதைச் சொல்லிச் சொல்லி என் கணவர் இன்றுவரை சிரிக்கிறார்.

போன வருடம் கம்பெனியிலிருந்து எங்கள் தொடரைப் பார்த்துக்கொள்ளும் பையன் போன் செய்தான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், எனக்குப் பையன்தான். "மேடம், இந்தத் தொடரை முடிச்சிக்கலாம். கேப்டனை ஒரு பிளாஸ்ட்ல பிரம்மாண்டமா அனுப்பிடுங்க" என்றான். ஆறு வருடம் சுமந்தவரை அனுப்பிடுங்களாம். அரைமணி நேரம் கத்தினேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். எழுதும்போது நானே அழுதேன், பொய் சொல்லவில்லை. கப்பல் தீப்பிடிக்கிறது, கேப்டன் எல்லாரையும் சிறு படகுகளில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கப்பலோடு எரிகிறார். இதைவிட நல்ல வழியனுப்பு எந்த ஹீரோவுக்கும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன்.

அக்கா தாள்களை முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவரு ஏன் டீச்சர் சாகணும்?"

"ஹீரோ ஆச்சே அக்கா. கடைசியில தியாகம் பண்ண வேணாமா?"

"முப்பது வருஷம் ஐஸை ஏத்தி இறக்கியிருக்காரு. ஒரு நாள் லீவு போட்டதில்ல. அவரைப் போயி கொளுத்துறீங்க. ரிட்டயர் ஆயிட்டுப் போகட்டுமே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரிட்டயர்மென்ட்டா? விண்வெளிக் கதையில பென்ஷன் ஃபாரம் நிரப்பச் சொல்றீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு. மாலை போட்டு, வீடு வரைக்கும் கூட வந்து விட்டுட்டுப் போகட்டும். அதானே மரியாதை."

எங்கள் ஊர் தொழிற்சாலைகளில் அதுதான் வழக்கம். கடைசி நாள் வேலை முடிந்ததும் பிரிவு உபசாரம். ஸ்வீட்டு, காரம், நாலு பேர் பேச்சு. பிறகு ஓய்வு பெறுகிறவர் கழுத்தில் ஆளுயர மாலை போட்டு, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வேன் பிடித்து அவரை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். தெருவே எட்டிப் பார்க்கும். மாலையோடு இறங்குகிறவர், "போதும்ப்பா, கழுத்து வலிக்குது" என்று உடனே கழற்றிவிடுவார். எல்லா ஆண்களும் அப்படித்தான் கழற்றுவார்கள். கூச்சமாம்.

"அக்கா, இது ஒலி நாடகம்" என்றேன். "கப்பல் வெடிச்சா கேக்கும். மாலைக்கு ஏதுக்கா சத்தம்? கேக்குறவனுக்கு என்ன தெரியும்?"

ஸ்டுடியோ தம்பி சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அக்கா, "சரி டீச்சர், உங்க இஷ்டம்" என்று மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். முதல் வரியைப் படித்தார். நிறுத்தினார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்து வெளியே போனார். கால் மணி ஆகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கு மாலை போடல டீச்சர்" என்றார்.

"என்னக்கா சொல்றீங்க? உங்க ரிட்டயர்மென்ட்டுக்கு நான்தான் வாசல்லயே நின்னேனே. போட்டோ எடுத்தேனே!"

"மாலை வாங்கியிருந்தாங்க. போடல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. பொம்பளைங்க போடட்டும்னு ஆம்பளைங்க ஒதுங்கினாங்க. பொம்பளைங்களுக்கும் கை வரல. புருஷன் இல்லாதவளுக்கு எப்படிப் போடறது, யாராச்சும் எதாச்சும் சொல்லுவாங்களோன்னு. யாரும் கெட்டவங்க இல்ல டீச்சர். சால்வை போத்தினாங்க, நல்லா பேசினாங்க. வாங்கின மாலையை என்ன பண்றதுன்னு தெரியாம வேன் முன்னாடி கட்டிட்டாங்க."

போனை எடுத்துத் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய போட்டோ. ரோஜாவும் சம்பங்கியுமாய்ப் பெரிய மாலை, வேனின் மூக்கில். பக்கத்தில் சால்வையோடு அக்கா, சிரித்தபடி. மாலை அழகாக இருக்கிறதே என்று வேனைத்தான் நடுவில் வைத்து எடுத்திருக்கிறேன். எடுத்ததை ஸ்டேட்டஸில் போட்டு, "சூப்பர் அக்கா" என்று எழுதியும் இருக்கிறேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கு என் தலையில் ரெண்டு முழம் மல்லிகை. வகுப்பில் ராகுகாலம், சகுனம் எல்லாம் சுத்தப் பேத்தல் என்று பிள்ளைகளுக்கு முழங்குகிறவள் நான். ஒரு பெண் கழுத்துக்கு வர வேண்டிய மாலை வண்டிக்குப் போயிருக்கிறது, அது என் கண்ணில் படவே இல்லை.

என் மேல் வந்த ஆத்திரத்தை அக்கா மேல் காட்டினேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? ஃபேக்டரிக்கே போயி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்ல!"

"அதுக்குப் பயந்துதான் சொல்லல" என்றார். "மாலையைக் கேட்டு வாங்கியா டீச்சர் போட்டுக்கிறது?" எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "கேப்டனுக்குப் போடலாம்ல? அவரு ஆம்பளை. அவருக்குப் போட்டா யாரு என்ன சொல்லப் போறாங்க?"

எழுதியதை அங்கேயே கிழித்தேன். அந்த வாரம் முழுக்க வேறு எழுதினேன். கப்பல் செவ்வாயில் இறங்குகிறது. கேப்டனுக்குக் கடைசி நாள். ஐஸ் கட்டிகளைத் தூக்கி இறக்கும் கப்பலின் கிரேன்தான் மாலையைப் பிடித்திருக்கிறது. அதை ஓட்டுவது கம்ப்யூட்டர். "இறக்கவா, கேப்டன்?" என்று கேட்கும். முப்பது வருடம் அதற்குக் கட்டளை போட்டவர், கடைசியாக ஒரு முறை "இறக்கு" என்பார். மாலை கழுத்தில் விழும். "போதும், கழட்டு, கழுத்து வலிக்குது" என்பார். எல்லாரும் அவரை வீடுவரை கொண்டுபோய் விடுவார்கள். கம்பெனிப் பையன் படித்துவிட்டு, "வெடிக்கலையா மேடம்?" என்றான். "வெடிக்காது. வேணும்னா நான் வெடிக்கிறேன்" என்றேன். பன்னிரண்டு நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி ஒப்புக்கொண்டான்.

ஞாயிறு காலை ஸ்ரீரங்கத்தில் பூக்கடையில் வண்டியை நிறுத்தி, பெரிய மாலை வேண்டும் என்றேன்.

"யாருக்கும்மா? சாமிக்கா, கல்யாணத்துக்கா, இல்ல..." என்று இழுத்தார் பூக்காரர்.

"ரிட்டயர்மென்ட்டுக்கு."

"ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"கேப்டனுக்கு! நல்லா கனமா கட்டுங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் அளவுக்காகக் கேட்டிருப்பார். ரோஜாவும் சம்பங்கியும் நடுவே மருக்கொழுந்தும் வைத்துக் கட்டி, மேலே ஜிகினாவும் சுற்றிக் கொடுத்தார். அக்காவுக்குத் தெரியாமல் கட்டைப்பையில் வைத்து உள்ளே கொண்டுபோனேன்.

ஸ்டுடியோ தம்பி என்னைத் தனியே கூப்பிட்டு, "நிஜ மாலை எதுக்கு டீச்சர்? பேப்பரைக் கசக்கினா அந்தச் சத்தம் வந்துரும்" என்றான். "கேப்டனுக்குப் பேப்பர் மாலையா? பேசாம மைக்கைப் பாருங்க" என்றேன். முதலில் குரல் அளவு பார்க்க ஒரு முறை வெறுமனே படித்தோம். அக்கா என் வசனத்தை எழுதியபடியே சொன்னார். "போதும், கழட்டு, கழுத்து வலிக்குது." அதையும் பதிவு செய்திருந்தான். பிறகு அசல் பதிவு.

"இறக்கவா, கேப்டன்?" என்றேன், என் இயந்திரக் குரலில். பையிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றேன்.

"இறக்கு" என்றார்.

இறக்கினேன். ஜிகினா சரசரத்தது. மாலையின் கனத்தில் அக்காவின் தோள் ஒரு நொடி தாழ்ந்து நிமிர்ந்தது. மூச்சை உள்ளே இழுத்தவர் விடவே இல்லை. இரண்டு கையாலும் மாலையைத் தடவிப் பார்த்தார், வளையல் இல்லாத கை, அதனால் பூ நசுங்கும் சத்தம் மட்டும்தான். தம்பி ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "கழட்டு" வரவில்லை. நான் அசையவில்லை. கடைசியில் மூச்சு வெளியே வந்தது, அதோடு சேர்ந்து குரலும்.

"இருக்கட்டும்" என்றார் கேப்டன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

மாலைக்கு ஏது சத்தம் என்று கேட்டேனே, மடச்சி. ஹெட்போனில் மறுபடி போட்டுக் கேட்டபோது தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டில் கொண்டுபோய் விட வேனுக்கு எங்கே போவது? என் ஸ்கூட்டர்தான். கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அக்கா மாலையோடேயே பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை நான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஒரு கார்க்காரர், "எதுக்குங்க இப்படி அடிக்கிறீங்க?" என்றார். "ரிட்டயர்மென்ட்டு!" என்று கத்திவிட்டுப் போனேன்.

மாலை விழுந்த பிறகு வந்த அந்தப் பதினொரு விநாடியைத்தான் கம்பெனிக்காரர்கள் வெட்டினார்கள். தம்பி வழக்கம்போல எல்லாப் பதிவையும் சேர்த்து அனுப்பியிருந்தான். ஆப்பில் வந்ததைக் கேட்டேன். "இறக்கு" என்கிறார் கேப்டன். யாரோ பேப்பரைக் கசக்குகிறார்கள். உடனே, அளவு பார்க்கப் படித்தோமே, அதிலிருந்து எடுத்து ஒட்டிய குரல்: "போதும், கழட்டு, கழுத்து வலிக்குது."

பள்ளி மைதானத்துக்கு ஓடிப்போய்ப் போன் போட்டேன்.

"அந்த இடத்துல ஒண்ணுமே இல்லையே மேடம். வெறும் சைலன்ஸ். கேக்குறவங்க நெட் போயிடுச்சுன்னு நினைச்சு வெளிய போயிடுவாங்க."

"ஒண்ணுமே இல்லையா? உனக்குக் காது இருக்கா இல்லையா? சரி, 'இருக்கட்டும்'னு சொன்னாங்களே, அதை ஏன் வெட்டின?"

"அது ஸ்கிரிப்ட்ல இல்லையே மேடம். நீங்க எழுதினதைத்தான் வச்சிருக்கோம்."

நான் எழுதினதைத்தான். என் வாயை என் வசனத்தாலேயே அடைத்துவிட்டான். அடப்பாவி, நான் எழுதியது ஆண்கள் கழற்றுகிற மாலை. அக்கா போட்டுக்கொண்டது வேறு மாலை. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? சொன்னேன், கத்தியும் சொன்னேன், பி.டி. பீரியடில் இருந்த பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன. "ஏற்கெனவே லைவ் ஆயிடுச்சு மேடம். சின்ன விஷயம்தானே" என்று வைத்துவிட்டான்.

பள்ளி விட்டதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே ஆரம்பித்தேன். "விட மாட்டேன்க்கா. மறுபடி போட வைக்கிறேன். போடலைன்னா சென்னைக்கே போறேன்."

"உக்காருங்க டீச்சர். நானும் கேட்டேன். கேப்டன் கழட்டிட்டாரு" என்றார் அக்கா. காபி கலக்கப் போனார். முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று.

என் போனில் இருந்த முழுப் பதிவைப் போட்டேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. இறக்கவா, இறக்கு, ஜிகினா, பூ, அந்தப் பதினொரு விநாடி. "கொஞ்ச நேரம் இருக்கட்டும்." அக்கா காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஒரு பக்கம் அவர் கணவரின் படம், மேலே சந்தன மாலை. எதிர்ப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி, அதன் பக்கத்து ஆணியில் எங்கள் மாலை. ரோஜா கறுத்து, சம்பங்கி பழுத்து, ஜிகினா மட்டும் மின்னிக்கொண்டு. எனக்குத்தான் எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியாதே.

"ஏன்க்கா, இங்க ஆணியில தொங்கிக் காயுது? அன்னிக்கே அண்ணன் படத்துக்குப் போட்டிருக்கலாமே."

அக்கா திரும்பி மாலையைப் பார்த்தார்.

"அவருக்கு வருஷா வருஷம் நான்தான் போடுறேன் டீச்சர். இது எனக்குப் போட்டது" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தேன்.